துட்டன்காமன் முகமூடி எத்தனை பவுன்? அளவுக் கணக்குக்குப் பயந்த பிள்ளையை எகிப்துக்குக் கூட்டிப்போன கதை

3.5 கிலோமீட்டர் = 0.0035 மீட்டர்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளின் கணக்குத் தேர்வுத் தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டிருந்த விடை இது. லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போன எனக்கு வாசலிலேயே அந்தத் தாள் காட்டப்பட்டது. "நீயே பாருடி. வீட்டுலேருந்து ஸ்கூல் மூணரை கிலோமீட்டர். இவ கணக்குப்படி மூணரை மில்லிமீட்டர்!" என்றாள் அக்கா.

பிள்ளையிடம் தனியாகக் கேட்டேன். "புள்ளியை லெஃப்ட்ல தள்ளணுமா ரைட்ல தள்ளணுமானு மறந்துடுச்சு சித்தி" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு மேத்ஸ் வராது" என்றாள். பதினோரு வயதில்! எனக்குத் தப்பான விடையைவிட இந்த வாக்கியம்தான் வலித்தது. நம்மில் பல பேர் இதே வாக்கியத்தை இதே வயதில் சொல்லிவிட்டு, அதையே நம்பி வளர்ந்தவர்கள்தானே?

அவள் தப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், பள்ளியில் அவளுக்கு யூனிட் கன்வர்ஷன் என்பது புள்ளியைத் தள்ளும் வேலையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மெட்ரிக் முறையில் எல்லாமே 10, 100, 1,000. அதனால் யோசிக்காமலேயே தள்ளிவிடலாம். திசை மறந்தால் மொத்தமும் காலி. தள்ளவே முடியாத அளவுகளைக் கொடுத்தால் என்ன ஆகும்? 4 விரல், 7 உள்ளங்கை, 10 குவளை, 320 கரண்டி என்று கொடுத்தால்? அங்கே புள்ளிக்கு வேலையே இல்லை. யோசித்துத்தான் ஆகவேண்டும்.

அப்படி ஓர் அளவு உலகம் பழைய எகிப்தில் ரெடியாக இருக்கிறது. அந்தக் கம்புகளும் எடைக்கற்களும் கணக்கு ஏடுகளும் இன்னும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் கையில் மொபைல் இருக்கிறது.

தங்கத்தில் ஆரம்பிப்போம்

பாடம் என்று சொல்லாமல், துட்டன்காமனின் தங்க முகமூடிப் படத்தைக் காட்டினேன். உயரம் 54 செ.மீ., எடை 10.23 கிலோ. அவள் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். "இது எத்தனை பவுன் சித்தி?"

அட, இதுதானே யூனிட் கன்வர்ஷன்! ஒரு பவுன் 8 கிராம். 10.23 கிலோ என்பது 10,230 கிராம். எட்டால் வகுத்தால் 1,278 பவுன், மீதி 6 கிராம். (இதில் பதித்த கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்த எடை என்பதால் சேதாரம் பற்றிப் பேச வேண்டாம்.) அவனுடைய உள் சவப்பெட்டி இன்னும் மோசம். சுத்தமாகத் தங்கத்தகட்டில் அடித்தது, 110.4 கிலோ. அவளே போட்டாள், 13,800 பவுன். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"கிலோவுல சொன்னா 10, பவுன்ல சொன்னா 1,278. முகமூடி பெருசாச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல, அதே முகமூடிதான். பவுன் சின்னது, அதனால நம்பர் பெருசு."

பிடித்துவிட்டாள். சின்ன அளவால் அளந்தால் பெரிய எண், பெரிய அளவால் அளந்தால் சின்ன எண். நாங்கள் அந்த வாரம் முழுக்க விளையாடியது இந்த ஒரே விஷயத்தை வைத்துத்தான்.

துட்டன்காமன் காலத்து எகிப்தியர்களிடம் பவுன் இல்லை, கிராமும் இல்லை. அவர்களுடைய எடை டெபென், சுமார் 91 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு கெடெட், அதாவது 9.1 கிராம். நம் பவுனைவிடக் கொஞ்சம் கூட. முகமூடி அவர்கள் கணக்கில் 112 டெபென், 4 கெடெட். தராசில் வைக்கும் எடைகளைக் கல்லில் செதுக்கினார்கள். மாடு, கன்றுத்தலை மாதிரி உருவங்களில் வெண்கலத்தில் வார்த்த அழகான எடைகளும் உண்டு. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் கிடையாது. 'எடைக்கல்' என்றால் என்னவென்றே தெரியாமல் எலெக்ட்ரானிக் தராசை மட்டும் பார்த்து வளரும் தலைமுறை இது.

டெய்ர் எல்-மெடினா என்று ஓர் ஊர். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளிகள் வாழ்ந்த கிராமம். அங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல் சில்லுகளில் கொடுக்கல் வாங்கல் கணக்குகள் எழுதியிருக்கின்றன. காசு கிடையாது. கழுதை, கட்டில், சவப்பெட்டி எல்லாவற்றுக்கும் செம்பு டெபெனில் விலை போடுவார்கள். ஆனால் கொடுப்பது எண்ணெய், கூடை, துணி, தானியம். அந்தப் பக்கம் கொடுத்த பொருள்களை எல்லாம் டெபெனாக மாற்றிக் கூட்டினால் இந்தப் பக்கத்து விலை வரவேண்டும். சந்தைக்குப் போகிற ஒவ்வொரு ஆளும் மனதுக்குள் கன்வர்ஷன் போட்டிருக்கிறார்.

பூக்காரம்மா முழமா, ராஜமுழமா?

எடையை விட நீளம்தான் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிக்கும். ஏனென்றால் ஸ்கேல் அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது.

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். இது எகிப்துக்கு மட்டும் சொந்தமில்லை. நம்மூரில் 12 விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், ஆக 24 விரல். எகிப்தின் சாதாரண முழமும் அதே 24 விரல்தான், சுமார் 45 செ.மீ. உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதானே. பிரச்னையும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பூ வாங்கும்போது, "உங்க கையால அளங்கம்மா" என்று ஏன் கேட்கிறோம்?

டைனிங் டேபிளைக் கையால் அளந்தோம். எனக்கு மூன்றரை முழத்துக்குக் கொஞ்சம் மேல். அவளுக்கு நாலு. "யார் சொல்றது கரெக்ட்?" என்று ஒரு சண்டை. அந்தச் சண்டை வரட்டும், தடுக்காதீர்கள். பொதுவான அளவுகோல் எதற்கு என்று பத்து நிமிடம் லெக்சர் கொடுப்பதை விட இந்தச் சண்டை நன்றாக வேலை செய்யும்.

எகிப்தியர்களுக்குச் சண்டை தீர வழி இருந்தது. ராஜமுழம் என்று ஓர் அளவு, சுமார் 52.5 செ.மீ. இதில் 7 உள்ளங்கை. ஒரு உள்ளங்கைக்கு 4 விரல் (கட்டைவிரலை விட்டுவிட்டு நாலு விரல் அகலம்). மொத்தம் 28 விரல். இந்த நீளத்துக்கு மரத்திலும் கல்லிலும் கம்புகள் செய்தார்கள். அதே துட்டன்காமனிடம் பொக்கிஷ அதிகாரியாக இருந்த மாயா என்பவரின் மரக்கம்பு பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நீளம் 52.3 செ.மீ.

இத்தாலியின் டூரின் எகிப்திய அருங்காட்சியகத்தில் இன்னும் சுவாரஸ்யமான ஒரு ஜோடி உண்டு. கட்டட வேலைகளின் மேற்பார்வையாளர் கா என்பவரின் கல்லறை 1906-ல் கிட்டத்தட்ட கைபடாமல் கிடைத்தது. உள்ளே அவருடைய முழக்கோல்கள். ஒன்று தங்கத்தகடு போர்த்தியது, அரசர் இரண்டாம் அமென்ஹோடெப் பெயர் பொறித்தது. இன்னொன்று சாதாரண மரம், நடுவில் மடக்கிக்கொள்ளலாம், தோல் உறையும் உண்டு. முதலாவது பரிசு, வீட்டில் மாட்டி வைக்க. இரண்டாவது சைட்டுக்கு எடுத்துப்போக. என்ஜினீயர் மாமா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வித்தியாசம் உடனே புரியும்.

சடங்குக்காகச் செய்த சில கம்புகளில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தெய்வத்தின் பெயர் உண்டு. அது இருக்கட்டும். நமக்கு வேண்டியது விரல்களுக்குள் இருக்கும் கோடுகள். ஒரு விரலை இரண்டாகப் பிரித்திருப்பார்கள், அடுத்ததை மூன்றாக, அதற்கடுத்ததை நாலாக... இப்படியே போய் பதினைந்தாவது விரலை 16 பங்காக. விரல் 18.75 மில்லிமீட்டர் என்றால், அதில் பதினாறில் ஒன்று சுமார் 1.2 மில்லிமீட்டர். 3,300 வருஷத்துக்கு முந்தைய மரத்துண்டில் மில்லிமீட்டர் வேலை!

சார்ட் பேப்பர் போதும்

இதை வீட்டிலேயே செய்துவிடலாம். சார்ட் பேப்பரில் 52.5 செ.மீ. நீளப் பட்டை ஒன்று வெட்டுங்கள். 7.5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டால் 7 உள்ளங்கை. ஒவ்வொரு உள்ளங்கையையும் பாதியாக மடித்து, திரும்பவும் பாதியாக மடித்தால் 4 விரல். ஒரு விரல் 1.875 செ.மீ. அந்த எண்ணைப் பிள்ளையிடம் முதலில் சொல்லாதீர்கள். மடித்த பிறகு அவர்களே வகுத்துப் பார்க்கட்டும்.

அதே டேபிளை இந்தப் பட்டையால் அளந்தாள். 2 முழம், 6 உள்ளங்கை. நோட்டில் என்ன எழுதினாள் தெரியுமா? 2.6 முழம்.

இங்கேதான் நான் உட்கார்ந்துகொண்டேன். பள்ளியில் 10, 100 என்று பழகிய கை தானாக எழுதிய தப்பு இது. 10 உள்ளங்கை ஒரு முழம் என்றால் 2.6 சரி. ஆனால் 7 உள்ளங்கைக்கே ஒரு முழம் முடிந்துவிடுகிறதே? 6 உள்ளங்கை என்றால் முழத்தில் ஏழில் ஆறு. கிட்டத்தட்ட 2.86. இதே தப்பைப் பெரியவர்களும் தினமும் செய்கிறோம். 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று எழுதுகிறோம். ஒன்றரை மணி நேரத்தை கால்குலேட்டரில் 1.30 என்று போட்டு, பெட்ரோல் கணக்கு ஏன் இடிக்கிறது என்று முழிக்கிறோம்.

"சரி, டேபிள் எத்தனை விரல்?"

இரண்டு முழத்துக்கு 14 உள்ளங்கை, கூட 6, ஆக 20. நாலால் பெருக்கினால் 80 விரல். ஒரு விரல் 1.875 என்றால் 150 செ.மீ. டேப் வைத்துப் பார்த்தாள். 150. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒரே டேபிள். 2 முழம் 6 உள்ளங்கை, 20 உள்ளங்கை, 80 விரல், 150 சென்டிமீட்டர், ஒன்றரை மீட்டர். அஞ்சு பேரு, ஒரே ஆளு!" என்று அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் தப்பவில்லை. ஃப்ரிட்ஜ், சிலிண்டர், தூங்கிக்கொண்டிருந்த அவள் அப்பா எல்லாமே விரல் கணக்குக்கு வந்துவிட்டது.

பிரமிடும் நியூட்டனும்

கீஸாவின் பெரிய பிரமிடைச் செங்கல் செங்கலாக விவரிக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. கணக்குக்கு வேண்டியது இரண்டே எண்கள். அடிப்பக்கம் 440 ராஜமுழம், உயரம் 280 ராஜமுழம். (உச்சி உதிர்ந்துபோனதால் இன்றைய உயரம் குறைவு.) மீட்டரில் முறையே சுமார் 230.3, 146.6. மீட்டரில் படித்தால் ஏதோ புள்ளி வைத்த எண். முழத்தில் படித்தால், கட்டியவன் வாயிலிருந்து நேராக வந்த எண்.

அவளுடைய சார்ட் பேப்பர் முழத்தால் பெருக்கினால் 440 x 52.5 செ.மீ. = 231 மீட்டர். உண்மையை விட 66 செ.மீ. கூட. ஏன்? பிரமிடு கட்டிய முழம் 52.35 செ.மீ. பக்கம் வருகிறது. நம் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். ஒன்றரை மில்லிமீட்டரை 440 தடவை எடுத்து வைத்தால் 66 செ.மீ. "இவ்ளோதானே" என்று விடும் சின்னப் பிழை எங்கே போய் நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்றால், 1925-ல் நடந்த சர்வேயில் நாலு பக்கங்களில் நீளமானதற்கும் குட்டையானதற்கும் வித்தியாசம் சுமார் 20 செ.மீ.தான். 230 மீட்டரில் ஒரு சாண்!

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். பிரமிடுக்குள் இருக்கும் அரசர் அறை 10.47 மீட்டர் நீளம், 5.235 மீட்டர் அகலம். இந்த இரண்டு எண்ணை மட்டும் கொடுத்து, "கட்டினவங்க முழத்துல என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேளுங்கள். 20 முழம், 10 முழம் என்று வந்து விழும்போது துப்பறிந்த சந்தோஷம் கிடைக்கும். ஐசக் நியூட்டன் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். 17-ம் நூற்றாண்டில் ஜான் கிரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் பிரமிடுக்குள் போய் எடுத்துவந்த அளவுகளை வைத்து, எகிப்து முழம் எவ்வளவு இருந்திருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டார் நியூட்டன். அவருக்கு வந்த விடை, பின்னாளில் கல்லறைகளில் கிடைத்த கம்புகளோடு ஒத்துப்போனது.

அதே நேரம், அளவை வைத்து எதையும் 'நிரூபிக்க'லாம் என்பதற்கும் பிரமிடுதான் உதாரணம். 19-ம் நூற்றாண்டில் பியாஸி ஸ்மித் என்ற வானியலாளர் 'பிரமிடு அங்குலம்' என்று ஒன்றைக் கற்பனை செய்து, அதில் அளந்தால் வருஷத்தின் நாள் கணக்கே பிரமிடில் இருக்கிறது என்றார். அதைச் சரிபார்க்க ஆசைப்பட்டு 1880-ல் அளவுகோல்களோடு கீஸாவுக்குக் கிளம்பிய இளைஞர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. அக்கறையாக அளந்தார். ஸ்மித்தின் கணக்கு பொருந்தவில்லை. பெட்ரி கூச்சமில்லாமல் அதை எழுதிவிட்டார். ஃபார்வர்டு மெசேஜ் வரும்போதெல்லாம் எனக்கு பெட்ரி ஞாபகம்தான் வரும். அப்படி ஒரு ஃபார்வர்டு, 'பௌர்ணமிதோறும் முழக்கோலைச் சரிபார்க்காத அதிகாரிக்கு எகிப்தில் மரண தண்டனை' என்பது. கேட்க ஜோராக இருக்கிறது. அப்படிச் சொல்லும் எகிப்திய ஆவணம் ஒன்றைக்கூட யாரும் காட்டுவதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம்.

பிரமிடின் சரிவுக்கும் அவர்களிடம் ஓர் அளவு உண்டு. டிகிரி கிடையாது. ஒரு முழம் மேலே ஏறும்போது எத்தனை உள்ளங்கை உள்ளே தள்ளிப் போகிறோம் என்பதுதான் சரிவு. பெயர் செக்கெட். பெரிய பிரமிடுக்கு இது 5 உள்ளங்கை 2 விரல். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரிண்ட் பாப்பிரஸில் இதற்கே கணக்குகள் இருக்கின்றன. சுமார் கி.மு. 1550-ல் அஹ்மோஸ் என்ற எழுத்தர் பழைய ஏட்டைப் பார்த்து எழுதிய பிரதி அது. 56-வது கணக்கில் அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம், சரிவு என்ன என்று கேள்வி. பாதி அடி 180. அதை 250-ஆல் வகுத்தால் வருவது முழக்கணக்கு. உள்ளங்கையில் வேண்டுமே? ஏழால் பெருக்கு என்கிறது ஏடு. விடை 5 உள்ளங்கை, அதற்கு மேல் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த 'ஏழால் பெருக்கு'தான் நம் பிள்ளைகள் மறக்கிற அதே படி. மூவாயிரத்து ஐந்நூறு வருஷமாக யாராவது ஒரு பிள்ளை அதை மறந்துகொண்டேதான் இருந்திருக்கும் போல.

பால் பாக்கெட்டும் மருந்து மூடியும்

அளவுகளிலேயே பிள்ளைகளுக்கு வழுக்குவது கொள்ளளவுதான். லிட்டரைக் கண்ணால் பார்த்து மதிப்பிட வராது. இங்கே எகிப்து நேராக நம் அடுப்படிக்கே வந்துவிடுகிறது.

தானியம் அளக்கும் அவர்களுடைய அடிப்படை அளவு ஹெக்கட், சுமார் 4.8 லிட்டர். அதில் பத்தில் ஒன்று ஹின், சுமார் 480 மி.லி. நம் அரை லிட்டர் பால் பாக்கெட்டில் ஒரு வாய் குடித்துவிட்டால் ஒரு ஹின். ஒரு ஹெக்கட்டில் 320 ரோ. ஒரு ரோ 15 மி.லி., அதாவது இருமல் மருந்து பாட்டிலோடு வரும் குட்டி மூடி நிறைய. பக்கெட், சொம்பு, மருந்து மூடி மூன்றையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். 32 மூடி ஊற்றினால் ஒரு ஹின் நிறைகிறதா என்று பார்க்க ஆரம்பித்து, 20-வது மூடியில் எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டாவது தடவை அவள் பத்துப் பத்தாகக் கோடு போட்டுக்கொண்டாள்.

ஹெக்கட்டை எகிப்தியர்கள் பாதி பாதியாகவே உடைத்தார்கள். 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64. நம் பாட்டிமார் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கிய அதே படிக்கட்டு. ரிண்ட் பாப்பிரஸின் 80-வது கணக்கு, இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் எத்தனை ஹின் என்று காட்டும் அட்டவணை. அரை ஹெக்கட் 5 ஹின், கால் ஹெக்கட் இரண்டரை ஹின் என்று போகும். இதை ரோவில் போடச் சொன்னேன். 160, 80, 40, 20, 10, 5. கூட்டினாள், 315. "320 வரணுமே, அஞ்சு ரோ எங்க?" என்று பதறிவிட்டாள். எங்கும் போகவில்லை. பாதி பாதியாக வெட்டினால் கடைசித் துண்டு அளவுக்கு எப்போதும் ஒன்று மிச்சம் நிற்கும். (இந்தப் பின்னங்கள் 'ஹோரஸின் கண்' ஓவியத்தின் பாகங்கள் என்று ரீல்ஸில் வரும். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை.)

ரொட்டிக் கணக்குதான் எனக்குப் பிடித்தது. ஒரு ஹெக்கட் தானியத்தில் எத்தனை ரொட்டி என்பதை ஓர் எண்ணாக வைத்தார்கள். 10 என்றால் கனமான ரொட்டி, 45 என்றால் சும்மா காற்றாட. 72-வது கணக்கு, 10-ஆம் ரக ரொட்டி 100 கொடுத்தால், 45-ஆம் ரகத்தில் எத்தனை வாங்கலாம் என்று கேட்கிறது. ரொட்டியை மறந்துவிட்டுத் தானியத்துக்குப் போ. 100 ரொட்டிக்கு 10 ஹெக்கட். அதே 10 ஹெக்கட்டில் 45 ரகம் 450 வரும். புரோட்டாக் கடையில் சைஸைக் குறைத்துவிட்டு விலையை அப்படியே வைத்தால் நாம் ஏமாறுவது எப்படி என்பதும் இதே கணக்குதான்.

41-வது கணக்கு ஒரு வட்டமான தானியக் குதிர். விட்டம் 9 முழம், உயரம் 10 முழம். விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து, மீதி 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64. (பை வைத்துப் போட்டால் 63.6. மோசமில்லை.) உயரத்தால் பெருக்கினால் 640 கன முழம். இதை ஒன்றரையால் பெருக்கி, 960 மூட்டை என்கிறது ஏடு. ஒரு கன முழத்துக்கு 30 ஹெக்கட், ஒரு மூட்டைக்கு 20 ஹெக்கட், அதனால் ஒன்றரை. மொத்தம் 19,200 ஹெக்கட். சுமார் 92,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஏழரை என்று சொன்னதும்தான் அவளுக்கு அந்தக் குதிரின் சைஸ் கண்ணில் வந்தது.

எந்த மூட்டை?

இனிதான் விஷயம் கொஞ்சம் சீரியஸ். ரிண்ட் ஏட்டில் மூட்டை என்றால் 20 ஹெக்கட். ஆனால் சில நூற்றாண்டு கழித்து, டெய்ர் எல்-மெடினா தொழிலாளிகள் காலத்தில் மூட்டை என்றால் 16 ஹெக்கட். பெயர் அதே, அளவு வேறு.

அங்கே ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி, ஆக ஐந்தரை மூட்டை. பிள்ளையை இரண்டு விதமாகவும் போடச் சொன்னேன். 16 வைத்தால் 88 ஹெக்கட், 422 லிட்டர். 20 வைத்தால் 110 ஹெக்கட், 528 லிட்டர். வித்தியாசம் நூறு லிட்டருக்கு மேல்.

"அப்போ மூட்டைனு மட்டும் சொன்னா போதாது. எந்த மூட்டைனு கேக்கணும்" என்றாள். இன்றைக்கும் கேட்கத்தான் வேண்டும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். வெளிநாட்டு யூடியூப் வீடியோ பார்த்து மைலேஜ் ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க.

அந்தத் தொழிலாளிகளுக்குத் தானியம் வெறும் கணக்கு இல்லை, குடும்பத்தின் சோறு. மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29-வது வருஷத்தில், கி.மு. 12-ம் நூற்றாண்டில், தானியம் நாள் கணக்கில் தாமதமாக, அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து கோயில் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது என்று சொன்னதாக அந்த ஏடு பதிவு செய்கிறது. உலகில் எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வேலை நிறுத்தங்களில் ஒன்று. அந்த ஏடும் டூரினில்தான் இருக்கிறது.

அளவில் கை வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்பதற்கு அவர்கள் கல்லறைக்குள்ளேயே சாட்சி வைத்திருக்கிறார்கள். 'இறந்தோர் நூல்' என்று அழைக்கப்படும் ஏடுகளில், இறந்தவர் தெய்வங்கள் முன் நின்று தான் செய்யாத தப்புகளைப் பட்டியல் போடும் பகுதி உண்டு. கொலை செய்யவில்லை என்று சொல்லும் அதே மூச்சில், தானிய அளவைக் குறைக்கவில்லை, தராசில் கை வைக்கவில்லை, நில அளவைத் திருத்தவில்லை என்றும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னதும் அக்கா மகள் நேராக அவள் அப்பாவிடம் போய், "பெட்ரோல் பங்க்ல ஜீரோ பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாள்.

நீங்களும் செய்து பார்க்க ஆசைப்பட்டால் காசு செலவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், லூவர், டூரின் எகிப்திய அருங்காட்சியகம் மூன்றும் தங்கள் பொருள்களின் படங்களையும் அளவுகளையும் இணையத்தில் போட்டிருக்கின்றன. ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். செ.மீ.யை முழம், உள்ளங்கை, விரலாக மாற்றச் சொல்லுங்கள். இரண்டு விஷயம் மட்டும். முதலில் கால்குலேட்டரை ஒளித்து வையுங்கள். அடுத்தது, கணக்குப் போடும் முன்பே "எண் பெருசாகுமா, சின்னதாகுமா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டால் பெருக்கல் தப்பானாலும் திட்டாதீர்கள். நாங்கள் நாலு நாளில் சண்டையே போட்டது பெருக்கலுக்காக இல்லை, மருந்து மூடியைத் தொலைத்ததற்காகத்தான்.

கிளம்பும் அன்று பழைய தேர்வுத் தாளை எடுத்தேன். 3.5 கிலோமீட்டர், மீட்டரில் எவ்வளவு?

"கிலோமீட்டர் பெருசு. மீட்டர் சின்னது. அப்போ நம்பர் பெருசாகணும்" என்று முணுமுணுத்துவிட்டு 3,500 என்று எழுதினாள். பிறகு அவளாகவே கீழே இன்னொரு வரி போட்டாள். ஸ்கூல் எத்தனை ராஜமுழம்? 3,500 மீட்டரை 0.525-ஆல் வகுக்க வேண்டும். அரைப் பக்கம் வகுத்தல். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அக்கா கத்திக்கொண்டிருந்தாள். 6,666 முழம், 4 உள்ளங்கை, கொஞ்சம் விரல் என்று முடித்த பிறகுதான் என்னை விட்டாள்.

அந்தச் சார்ட் பேப்பர் முழம் இப்போது அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் அவள் உயரம்: 2 முழம், 5 உள்ளங்கை, 1 விரல்.